வலது மிதி

பத்து மணித் தேநீருக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது, தீயணைப்பு வண்டிக்கு அடியிலிருந்த தட்டில் கறுப்பு எண்ணெய் விரல் கனத்துக்கு நின்றது, அப்படியென்றால் நேற்று அது ஓடியிருக்கிறது, ஓடியது உண்மைதான், யார் ஓட்டியது என்பதைத் தட்டு சொல்லாது… நோலீன் சாக்கின்மேல் முழந்தாளிட்டு, தட்டை அலுங்காமல் தன் பக்கம் இழுத்தாள். இந்தக் குளிர்காலம் முழுக்க இதுதான் அவள் வேலை. கொட்டகையில் நிற்கிற பழைய வண்டிகள் அத்தனையும் ஒழுகும், ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு தகரத் தட்டு, திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை, அன்றைக்குத் தட்டுகளை எடுத்து டின்னில் கவிழ்த்துத் துடைத்துத் திரும்பத் தள்ளிவைக்க வேண்டும். சம்பளம் கிடையாது. கொட்டகைக்குப் பின்னால், அவர்கள் குடியிருக்கிற கேரவனை நிறுத்திக்கொள்ள இடம், மின்சாரம், ஒரு தண்ணீர்க் குழாய், அதற்குப் பதில் அவளுக்குத் தட்டுகள், புருஷன் நெவிலுக்குத் தீயணைப்பு வண்டி ஓட்டுவது. இங்கே குளிர் தொடங்குகிற மே மாதம் வந்தார்கள், ஆகஸ்ட் முடிகிற இன்று கிளம்புகிறார்கள். தேநீர் குடித்துவிட்டு, கேரவனைக் காரில் பூட்டி, மேற்கே, மரமில்லாத அந்தச் சமவெளியைக் கடந்து… கிளம்புகிற நாளில் யாரும் தட்டுத் துடைக்கச் சொல்லவில்லை. துடைக்காமல் போக மனம் வரவில்லை என்று நெவிலிடம் சொல்லிவிட்டு வந்தாள். அதுதான் காரணமா. அல்லது வேறு எதையாவது தேடுகிறாளா.

கொட்டகைக்குப் பொறுப்பு புளூயி. ஒரு காலத்தில் செம்பட்டைத் தலையாம், செம்பட்டைத் தலையனை நீலம் என்று கூப்பிடுவது இந்த நாட்டுக் கிண்டல், இப்போது தலையில் ஒரு முடியும் இல்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. வந்த முதல் நாள் அவன்தான் சொன்னான், "ஒழுகுற வண்டியப் பாத்துப் பயப்படாத நோலீன், ஒழுகலன்னாதான் பயப்படணும், உள்ள எண்ணெயே இல்லன்னு அர்த்தம்." அன்றைக்கு அவளும் சிரித்தாள். நெவில் ஒழுகாத மனிதன். நாற்பத்து நான்கு வருஷமாக எப்படியிருக்கே என்றால் நல்லாருக்கேன், தலைவலியா என்றால் இல்லை, தூங்கினியா என்றால் தூங்கினேன், அதை ஒரு குணம் என்று நினைத்துக் கல்யாணம் செய்துகொண்டாள். நேற்று சாயந்திரம் மட்டும் கேட்காமலே பேசினான். கையைக் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டே, "கடைசி ஓட்டம் நல்லா இருந்துச்சு நோல், கியரெல்லாம் வெண்ணெய் மாதிரி விழுந்துச்சு." யார் கேட்டார்கள் கியரைப் பற்றி? மாநில எல்லையில், பழ ஈ பரவாமலிருக்கப் பழங்களைப் பறிமுதல் செய்கிற சோதனைச் சாவடியில் இருபது வருஷம் நின்றவள் அவள், எத்தனை கேரவன்களின் குளிர்பெட்டிகளைத் திறந்து பார்த்திருப்பாள், கேட்பதற்கு முன்னாலேயே ஒன்றுமில்லை என்கிறவர்களிடம் ஒரு ஆரஞ்சாவது இருக்கும், ஒன்றுமில்லை என்பதோடு நிற்காமல் கூட ஒரு விவரமும் சேர்த்துச் சொல்கிறவர்களிடம் ஒரு பையே இருக்கும். வெண்ணெய் மாதிரி. அந்த வண்டியின் கியர் வெண்ணெய் மாதிரி விழுந்ததாக இதுவரை யாருமே சொன்னதில்லை, எலும்பு உடைகிற மாதிரி விழும் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.

எண்ணெயை டின்னில் கவிழ்த்தாள், கறுப்பு நூலாக இறங்கியது. கூரைத் தகரம் வெயிலுக்கு விரிந்து அங்கங்கே டக்கென்றது, இரவெல்லாம் உறைபனி. நேற்று வெயில் நன்றாக இருந்தது, கூட்டமும் இருந்தது. ஞாயிறுதோறும் தீயணைப்பு வண்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கண்காட்சித் திடலை ஒரு சுற்றுச் சுற்றிவரும், அந்த நேரத்தில் அவள் சமையலறையில் ஸ்கோன் ரொட்டிகளை அடுக்கிக்கொண்டிருப்பாள், ஜன்னல் தெருவைப் பார்க்கும், திடல் பின்பக்கம், வண்டி கண்ணில் படாது, மணிச் சத்தம் மட்டும் கேட்கும். இத்தனை ஞாயிறும் அந்த மணியைக் கேட்டிருக்கிறாள், ஒரு மணி, அவ்வளவுதான். அடிக்கிற விதம் நேற்றுதான் காதில் விழுந்தது. இரண்டு அடி, ஓர் இடைவெளி, ஓர் அடி. கையில் ஜாம் கரண்டியோடு நின்றுவிட்டாள், பின்னாலிருந்து, அவளோடு சமையலறையில் நிற்கிற ஷெரில், "என்னடி, யாராச்சும் செத்துட்டாங்களா?" என்றாள், ஷெரிலுக்கு எல்லாமே விளையாட்டுதான். அது அவர்கள் இரண்டு பேருக்கும் மட்டுமே தெரிந்த கணக்கு. கேரவனைப் பின்னால் எடுக்கும்போது நோலீன் பக்கத்தில் நடந்து வருவாள், போதும் என்கிற இடத்தில் கேரவனின் சுவரில் உள்ளங்கையால் அடிப்பாள், இரண்டு, ஓர் இடைவெளி, ஒன்று, நிறுத்து என்று அர்த்தம். வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பிய முதல் வருஷத்தில் பழகியது. ஆகவே நேற்று மணியை அடித்த கை நெவிலுடையது. மணி இருப்பது இடப்பக்கம். ஓட்டுகிறவன் வலப்பக்கம், அவனுக்கு எட்டாது, எட்டினாலும் கை ஏது, ஸ்டியரிங்குக்கே இரண்டு கை போதாது. மணியடிப்பவன் ஓட்டுகிறவன் இல்லை. ஒரு சுற்று மட்டும் இடம் மாறி உட்கார்ந்திருப்பார்கள், கடைசி நாள், ஆசைக்கு அடித்துப் பார்த்திருப்பான்… அப்படியும் இருக்கலாம். இருக்கலாம் என்பதைத்தான் எல்லைச் சாவடியில் அவள் ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை.

அந்தக் குழாய் விவகாரம் மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் மணி வெறும் மணியாக இருந்திருக்கும். ஜூலையில், கடைக்குப் போய்த் திரும்பும்போது, கேரவனுக்குப் பக்கத்தில் காரை நிறுத்தப்போனான், கார் ஏறக்குறைய நின்றேவிட்டது, அவள் மடியிலிருந்த முட்டைப் பெட்டியோடு இறங்கத் தயாராகக் கதவில் கை வைத்தாள், கார் துள்ளியது. துள்ளிப் போய்க் குழாய்க் கம்பத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றது. தண்ணீர் கேரவன் கூரை உயரத்துக்குப் பீய்ச்சியது. முட்டை ஒன்றும் உடையவில்லை, அது ஏனோ இன்னும் ஞாபகமிருக்கிறது. நெவில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான், கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது, துடைப்பானைப் போடக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு, அவள் முழங்கையைத் தொட்ட பிறகுதான் வாயைத் திறந்தான். "தீயணைப்பு வண்டின்னு நெனச்சுடுச்சு என் காலு." மறுநாள் தேநீர் மேசையில் அவனே அதைச் சொன்னான், எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், ஏனென்றால் இங்கே எல்லாருக்கும் அது நடந்திருக்கிறது. இந்தத் தீயணைப்பு வண்டி மாதிரி அந்தக் காலத்து வண்டிகள் சிலவற்றில் மிதிகளின் வரிசையே வேறு, ஆக்சிலரேட்டர் நடுவில், பிரேக் வலது ஓரத்தில். ஒரு மாதம் அதை ஓட்டிய கால் வீட்டுக் காரில் ஏறினால், பதற்றத்தில் வலது ஓரத்தைத்தான் அழுத்தும், வீட்டுக் காரில் வலது ஓரம் ஆக்சிலரேட்டர். புளூயி இப்படித்தான் ஒருமுறை தன் கார் கொட்டகையின் கதவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். ஷெரிலின் புருஷன் கோழிக்கூண்டை. "முட்டை போடறதையே நிறுத்திடுச்சுங்க, ஆறு மாசம், அவனப் பாத்தாலே" என்றாள் ஷெரில். நோலீனும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே நெவிலைப் பார்த்தாள், அவன் எல்லார் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான், சிரிப்பு செல்லுபடியாகிறதா என்று பார்க்கிறவன்போல. காரணம் நன்றாக இருந்தது. சட்டையை அளவெடுத்துத் தைத்ததுபோல அத்தனை பொருத்தமாக இருந்தது, அதுதான் உறுத்தியது.

தட்டைத் துடைத்து உள்ளே தள்ளினாள். எழும்போது வண்டியின் படியைப் பிடித்துக்கொண்டாள், பிடித்த கை விடவில்லை, ஏறி வலப்பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். இதற்கு முன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்ததில்லை. கேள்வி இப்போது ஒன்றே ஒன்றுதான், நெவிலை இடப்பக்கத்துக்கு எப்போது மாற்றினார்கள். குழாய்க்குப் பின்னால் என்றால் பரவாயில்லை, காலைக் குழப்பியது வண்டிதான், அதனால் மாற்றினார்கள், அவன் வெட்கத்தில் சொல்லவில்லை, ஆம்பளை. குழாய்க்கு முன்னால் என்றால்… முன்னால் என்றால் ஜூலையில் அவன் கால் இந்த மிதிகளைத் தொட்டே வாரக்கணக்கில் ஆகியிருக்கும், பழைய வண்டிமேல் பழி போட முடியாது, பழி அந்தக் காலுக்குள், காலுக்கு மேலே, தொப்பிக்குள் எங்கோ இருக்கிறது. அப்படியொருவன் இன்று மதியம் கேரவனை இழுத்துக்கொண்டு, மூன்று பெட்டி கோத்த லாரிகள் எதிரே காற்றைக் கிழித்துக்கொண்டு வருகிற சாலையில்… குனிந்து கீழே பார்த்தாள். மூன்று மிதிகள். இடதும் நடுவும் தேய்ந்த வெறும் இரும்பு. வலது மிதியில் சிவப்புப் பெயிண்ட். வந்த முதல் வாரம் இந்த மிதிகளைக் கீழே நின்றபடியே மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தது அவள்தான், எது என்ன என்று கேட்டுக்கேட்டுத் துடைத்தாள். அன்றைக்கு மூன்றும் ஒரே நிறம்.

"என்ன நோலீன், கடைசி நாள்ல வண்டியக் கெளப்பிட்டுப் போயிரலாம்னு பாக்கறியா?" புளூயி கீழே நின்றான், கையில் துணி. எப்போது வந்தான், எவ்வளவு நேரமாக நிற்கிறான். அவள் காலை அந்தச் சிவப்பின்மேல் வைத்தாள். "இந்த பெயிண்ட் எப்ப அடிச்சது?" "அதுவா. அது எப்பவும் இருக்கே." சொல்லிவிட்டு முகப்பு விளக்கைத் துடைக்கத் தொடங்கினான், அது ஏற்கெனவே அவன் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளத்தது. எப்பவும். எல்லையில் ஒருவன் இப்படித்தான், பின்பெட்டியிலிருந்த மாம்பழம் எப்பவும் அங்கேதான் இருக்கும் என்றான், பிளாஸ்டிக் என்று நினைத்தானாம். "நேத்து யாரு ஓட்டுனது?" என்று கேட்டாள். "நெவில் இருந்தான் வண்டில." "இருந்தான்னா?" "இருந்தான்னா இருந்தான்தான். உன் புருஷனக் கேளு, என்னை எதுக்குக் குடையற." துணியை நான்காக மடித்தான், பிரித்தான், மறுபடியும் மடித்தான். பிறகு விளக்கைப் பார்த்தபடியே, "நீயும் வழியில கொஞ்சம் ஓட்டலாமே. அந்த ரோட்டுல வளைவே கெடையாது, ஒரு ஆட்ட உக்கார வெச்சாக்கூட ஓட்டிரும்" என்றான். "நான் கேரவன் இழுத்ததே இல்ல, புளூயி." "தெரியும். அதான் சொல்றேன்." அவனுக்கு எப்படித் தெரியும். நெவில் சொல்லியிருக்கிறான், அவள் ஓட்டமாட்டாள், அவள் ஓட்டவே மாட்டாள், அதனால் நான் நிறுத்த முடியாது, அப்படியா சொன்னான், அதை வைத்துத்தான் இவன் வாயைக் கட்டினானா. ஆம்பளைகளுக்குள் ஒன்றைச் சொல்லாதே என்றால் சொல்லமாட்டார்கள், செத்தாலும் மாட்டார்கள், யார் செத்தாலும். "தேத்தண்ணி ஆறுது, எறங்கு" என்றான் புளூயி.

சமையலறையில் எல்லாரும் இருந்தார்கள், அவள் நுழைந்தபோது பேச்சு நின்றதா, அல்லது அந்த நேரத்தில் இயல்பாகவே ஓர் இடைவெளி விழுந்ததா, மணி அடித்த மாதிரி, இரண்டு, ஓர் இடைவெளி… நெவில் ஜன்னலோரம், தொப்பியைக் கழற்றாமல், தட்டில் தேங்காய்ப்பூ தூவிய இரண்டு லாமிங்டன் கேக். "வா நோல், உனக்குத்தான் ஒண்ணு எடுத்து வெச்சேன், இவன்க விட்டாத்தானே." அவன் குரலில் ஒன்றும் இல்லை. நன்றாகத்தான் இருந்தான். இன்று காலை அவளுக்கு முன்னால் எழுந்து, கேரவனின் சாய்கூரையைத் தானே மடித்து, தண்ணீர் பிடித்து, தேங்காய்ப்பூ ஒட்டிய விரலால் இப்போது வரைபடத்தில் மேற்கே காட்டிக்கொண்டிருக்கிறான், முதல் ராத்திரி இங்க, ரெண்டாவது இங்க, திமிங்கலம் பாக்கலாம். அவளுக்குத் திமிங்கலம் வேண்டாம். இன்னொரு பருவம் இருந்துட்டுப் போலாமே என்று அவள் போன வாரம் கேட்டதற்கு, "ஒரே எடத்துல ஒக்காந்தா துருப்பிடிச்சுரும்" என்றான். தபால் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு காலியாக இருப்பதாக ஷெரில் சொல்லியிருந்தாள், இரண்டு அறை, முன்னால் ஒரு யூகலிப்டஸ், சமையலறை ஜன்னல் கிழக்கே பார்க்கும், நகராத ஜன்னல். நெவில் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஏன் இத்தனை அவசரம். இங்கே இவர்களுக்குத் தெரிந்துவிட்டது என்பதாலா, தெரிந்தவர்களை விட்டுவிட்டுத் தெரியாதவர்களிடம் போகிறானா, அடுத்த ஊரில் புதிதாக ஒரு கொட்டகை, புதிதாக ஒரு காரணம்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. போகிறவர் எந்த வண்டியில் வேலை பார்த்தாரோ அதிலிருந்து தேய்ந்து கழற்றிய ஒரு பாகத்தைப் பலகையில் பொருத்திக் கொடுப்பார்கள். ஜூனில் கிளம்பிய வடக்கத்திக்காரன் பால் லாரியை ஓட்டினான், அவனுக்கு அதன் பழைய கியர்க் குமிழ். புளூயி எழுந்தான், செய்தித்தாளில் சுற்றிய ஒரு பலகையை நெவிலுக்கு முன்னால் வைத்தான், "பேச்செல்லாம் எனக்கு வராது, நல்லா வேலை செஞ்சே, தொலைஞ்சு போ" என்றான், எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். பிரிப்பதற்கு முன் நெவில் ஒருமுறை அவளைப் பார்த்தான். அவளுக்கு அந்தப் பார்வை தெரியும், குளிர்பெட்டியைத் திறக்கிறேன் என்று சொன்னதும் எல்லையில் ஆயிரம் பேர் அப்படிப் பார்த்திருக்கிறார்கள், அல்லது அவளுக்கு அப்படித் தோன்றியது, இருபது வருஷம் ஒரே வேலையைச் செய்தவளுக்கு எல்லாக் கண்ணும் குளிர்பெட்டிக் கண்ணாகிவிடும். தாள் பிரிந்தது. மிதியின் ரப்பர் இல்லை. கியர்க் குமிழ் இல்லை. மணியின் நாக்கில் கட்டி இழுக்கிற தோல்வார், நடுவில் மெலிந்து, வேர்வையில் கறுத்திருந்தது. "ரெண்டாவது வாரத்துலேர்ந்து அது இவன் கையிலதானே," என்றாள் ஷெரில், "ஊர்ல எத்தன பேருக்குக் காது போச்சோ." எல்லாரும் சிரித்தார்கள். நெவில் ஒரு கணம் தாமதித்துச் சிரித்தான். புளூயி சிரிக்காமல் ஷெரிலைப் பார்த்தான், ஷெரில் கோப்பையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள், அதில் ஒன்றுமில்லை.

இரண்டாவது வாரம். மே. குழாய் ஜூலையில். ஆகவே முதலில் சிவப்புப் பெயிண்ட் அடித்துப் பார்த்திருக்கிறார்கள், இதுதான் பிரேக் நெவில், இந்தச் சிவப்பு. அது போதவில்லை. அதன் பிறகு மணி. குழாய்க்கு முன்னாலேயே ஏழெட்டு ஞாயிற்றுக்கிழமை மணியடித்துவிட்டு வந்து ஓட்டினேன் என்று சொல்லியிருக்கிறான், அவள் தேநீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். "பாரு நோல், தோலு என் கை அளவுக்கே தேஞ்சிருக்கு" என்று பலகையை அவளிடம் நீட்டினான், முகத்தில் வெட்கம் இல்லை, பிடிபட்டவனின் சுருக்கம் இல்லை, பரிசு வாங்கிய பள்ளிப் பிள்ளையின் சந்தோஷம்தான் இருந்தது. ஓட்டினேன் என்று அவளிடம் சொன்னது அவனுக்கு ஞாபகம் இருக்கிறதா? நேற்றுச் சொன்னது, கை கழுவிக்கொண்டே சொன்னது? பொய் சொல்கிறவனுக்கு நினைவு வேண்டும். அவன் பொய்யனாக இருந்துவிட்டால் நல்லது… எத்தனை பெரிய நிம்மதி அது, வெறும் பொய்யன், எல்லாப் புருஷனையும் போல. அவளுக்கும் ஒரு பரிசு இருந்தது, மத்தி மீன் டப்பாவைத் தட்டி நிமிர்த்திக் கைப்பிடி வைத்த ஒரு குட்டி எண்ணெய்த் தட்டு. "போற எடத்துல யாரு எவ்ளோ ஒழுகுறாங்கன்னு பாத்துக்க" என்றான் புளூயி. எல்லாரையும்போல அவளும் சிரித்தாள். அவன் சிரிக்காமல் அவளையே பார்த்தான், அதைவிடப் பச்சையாக அவனால் சொல்ல முடியாது என்று அவளுக்குப் புரிந்தது. அப்போதே கேட்டிருக்கலாம். எல்லாருக்கும் முன்னால், நெவில், இந்த வார் எப்படி உன் கைக்கு வந்துச்சு என்று. லாமிங்டனின் தேங்காய்ப்பூவை விரலால் ஒற்றி எடுத்தாள். எல்லையில் யாரோ ஒருவனிடம் கேட்பது சுலபம், அவன் அடுத்த நிமிஷம் போய்விடுவான்.

வெளியே வெயில் வெள்ளையாக இருந்தது, ரோஜா நிறக் கிளிகள் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து கத்தின. எல்லாரும் கொட்டகை வாசலுக்கு வந்துவிட்டார்கள், கோப்பைகளோடு, கேரவன் பூட்டுவதை வேடிக்கை பார்ப்பதில் இவர்களுக்குச் சலிப்பே கிடையாது, ஒருவன் தப்பாகப் பின்னால் எடுத்தால் அதை ஒரு வருஷம் பேசுவார்கள். அவள் கொக்கிக்குப் பக்கத்தில் நின்றாள். நெவில் காரைப் பின்னால் எடுத்தான். கோணிக்கொண்டு வருவான், கேரவனில் மோதுவான், அப்போது எல்லார் முன்னாலும் தெரிந்துவிடும், அவள் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது… கார் ஒரே மூச்சில், நூல் பிடித்ததுபோல வந்து, அவள் கையை உயர்த்துவதற்குள் அதன் உருண்டைக்கொக்கி கேரவனின் கிண்ணத்துக்கு நேர் கீழே நின்றது. வாசலில் யாரோ சீழ்க்கையடித்தார்கள். இது எந்த நோயாளி செய்கிற வேலை. நாற்பது வருஷ ஓட்டுநரின் வேலை இது, ஒரு விரல்கூட நகர்த்த வேண்டியதில்லை. அப்படியென்றால் அவள்தான் கோணலா, பெயிண்ட்டையும் மணியையும் வாரையும் கோத்துக் கோத்து இல்லாத ஆரஞ்சைத் தேடுகிறாளா. அந்தப் பெரிய ஸ்டியரிங் அவன் தோளுக்கு ஆகவில்லை என்று இடம் மாற்றியிருக்கலாம். கேட்கிற பிள்ளைகளுக்குக் காட்டச் சிவப்பு அடித்திருக்கலாம். இருக்கலாம், இருக்கலாம். கிண்ணத்தை இறக்கினாள், தாழைப் போட்டாள், சங்கிலிகளைக் குறுக்காக மாட்டினாள், விளக்குகளின் பிளக்கைக் காரின் துளையில் செருகினாள், கிளிகள் ஒன்றாகக் கிளம்பித் தலைக்குமேல் கத்திக்கொண்டு போயின, கேரவனைத் தாங்கி நின்ற கைப்பிடிச் சக்கரத்தைத் தூக்கினாள். எல்லாம் எப்போதும் போலத்தான் செய்தாள். கேரவனின் பக்கமாக நடந்தாள், போகிற போக்கில் சாய்ந்த குழாய்க் கம்பத்தைத் தொட்டாள், புளூயி அதற்கு ஒரு இரும்புப் பட்டை வைத்து நிமிர்த்தியிருந்தான், ஆனாலும் கொஞ்சம் சாய்வுதான்.

கேரவனுக்குப் பின்னால் போய் நின்றாள். இதுவும் வழக்கம். இஞ்சினைக் கிளப்புவதற்கு முன், சாவியை மட்டும் திருப்பி, அவன் ஒவ்வொரு விளக்காகப் போடுவான், அவள் பின்னாலிருந்து சொல்வாள், அது முடிந்த பிறகுதான் சக்கரம் உருளும். ஜன்னல் இறங்குகிற சத்தம். "எடது," என்றான் நெவில், மஞ்சள் விளக்கு சிமிட்டியது. "எரியுது." "வலது." அதுவும் சிமிட்டியது. "எரியுது." வாசலில் பேச்சு நின்றிருந்தது, அல்லது காற்று அந்தப் பக்கமாக அடித்தது. "பிரேக்கு," என்றான். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு சிவப்புக் கண்ணாடிகளும் இருட்டாக இருந்தன, வெயில் பட்டு எரிகிறதோ என்று ஒரு கணம், இல்லை, கையால் நிழல் கட்டிப் பார்த்தாள், இல்லை. பிளக் சரியாக உட்காரவில்லையா, சரியாக உட்கார்ந்தால் ஒரு சின்னச் சத்தம் வரும், வந்ததா, கிளிகள் கத்திக்கொண்டிருந்தன, அவள் கைதானே செருகியது, எப்போதும் அழுத்தி ஒரு திருகு திருகுவாள், இன்று திருகினாளா. அல்லது பிளக்கில் ஒன்றுமே இல்லையா, முன்னால் அந்த இருக்கையில் ஒரு செருப்புக்கால் வலது ஓரத்து மிதியை, ஆக்சிலரேட்டரை, உறுதியாக அழுத்திக்கொண்டிருக்கிறதா, இஞ்சின் ஓடாததால் கார் பேசாமல் நிற்கிறதா, அன்று குழாய்மேல் துள்ளியதுபோல் துள்ளாமல். தெரிந்துகொள்வது சுலபம். ஓரடி பக்கவாட்டில் விலகினால் போதும், கேரவனைத் தாண்டிக் காரின் பின்விளக்கு தெரியும், அது எரிந்தால் பிழை பிளக்கில், எரியாவிட்டால் பிழை காலில். ஓரடி. அவள் விலகவில்லை. விளக்கு இருண்டிருப்பதைப் பார்த்ததும் மார்புக்குள் ஏதோ ஒன்று தளர்ந்தது, முதலில் வந்தது பயம் என்றுதான் நினைத்தாள், பயம் இல்லை, பயம் அதற்குப் பிறகுதான் வந்தது, முதலில் வந்தது ஒரு ஜன்னல், கிழக்கே பார்க்கிற, நகராத ஜன்னல்… அப்படியென்றால் இத்தனை நாளாக அவள் எதைத் தேடிக்கொண்டிருந்தாள், யாருக்காக. கொட்டகை வாசலில் புளூயி கோப்பையைச் சாய்த்து, மிச்சத் தேநீரைத் தரையில் ஊற்றினான், அவளைப் பார்க்கவில்லை. சிவப்புக் கண்ணாடியில் தொப்பி இல்லாத ஒரு கிழவியின் தலை, சின்னதாக, வளைந்து தெரிந்தது.

"அழுத்திட்டுத்தான் இருக்கேன், நோல். எரியுதா?"